கண்டெடுப்பு எண் பதினேழு

வியாழக்கிழமை காலை ஆறேமுக்காலுக்கு ஊசிக்குளம் பேரூராட்சியின் டிஸ்கில் பிழை விழுந்தது. அந்த நேரத்தில் வைகுண்டம் பால் வாங்கப் போயிருந்தார். திரும்பி வந்து தன் வீட்டுக் கதவைத் திறந்தபோது உள்ளே உரக்கடை இருந்தது.

எல்லா ஊர்களையும் போல ஊசிக்குளமும் ஒரு டிஸ்கில்தான் இருந்தது. பேரூராட்சி அலுவலகத்தின் பின்பக்கம், பிளீச்சிங் பவுடர் மூட்டைகள் அடுக்கிய அறையில், இரும்பு மேசை ஒன்றின்மேல் அதை வைத்திருந்தார்கள். தெருக்கள், வீடுகள், ஆட்கள், ஆடுமாடுகள், நடந்து முடிந்த நாட்கள் எல்லாம் அதில் அடக்கம். சூடாகிவிடக் கூடாது என்று ஒரு மேசை விசிறியை அதன் பக்கம் திருப்பி வைத்திருந்தார்கள். கோடையில் மின்சாரம் போய் விசிறி நின்றால், ஊரில் இரண்டொருவருக்குத் தங்கள் தெருவின் பெயர் நினைவுக்கு வராது. மின்சாரம் வந்ததும் வந்துவிடும்.

ஆகவே வைகுண்டம் கதவைச் சாத்திவிட்டு எண்ணைப் பார்த்தார். பதினான்கு என்றுதான் இருந்தது. மறுபடியும் திறந்தார். மறுபடியும் உரக்கடை. கடைக்காரன் சேர்மக்கனி மூட்டை தூக்கும் கொக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றான்.

"கதவு உங்க கதவுதான் அண்ணாச்சி. உள்ளதான் நாங்க இருக்கோம்."

"உன் கடை பஸ் ஸ்டாண்டு பக்கத்துலல்லா இருக்கு?"

"அங்கயும் இருக்கு. அங்கயும் நான்தான் நிக்கேன். ரெண்டு பக்கமும் ஆளு வருது, மூச்சு விட நேரமில்ல."

"வீட்டுல பொம்பளை இருந்தாளேப்பா."

சேர்மக்கனி மூட்டைகளுக்கு நடுவே எட்டிப் பார்த்தான். கடமைக்காகப் பார்க்கவில்லை, குனிந்து, இரண்டு மூட்டைகளை நகர்த்தியே பார்த்தான்.

"இல்லயே அண்ணாச்சி. பொட்டாஷ்தான் இருக்கு."

வைகுண்டம் பால் பாக்கெட்டை யூரியா மூட்டைமேல் வைத்துவிட்டுப் பேரூராட்சி அலுவலகத்துக்கு நடந்தார்.

அவருக்கு வயது ஐம்பத்தேழு. பாத்திரங்களில் பேர் வெட்டுவது தொழில். சீர்வரிசைக் குடம், கோயிலுக்குக் கொடுக்கும் அண்டா, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் டிபன் பாக்ஸ் என்று ஊரில் எந்தப் பாத்திரத்தைக் கவிழ்த்தாலும் அவருடைய எழுத்து இருக்கும். மனைவி ஆவுடைத்தங்கம். கல்யாணமாகி இருபத்தொன்பது வருடங்கள். இத்தனை வருடங்களில் அவர்களுக்குள் ஒரு சண்டை நடந்ததில்லை என்பதை ஊசிக்குளத்தில் ஆண்கள் தங்கள் மனைவிமாரிடமும், பெண்கள் தங்கள் கணவன்மாரிடமும் எடுத்துச் சொல்வது வழக்கம்.

சண்டை நடக்காததற்குக் காரணம் எளிமையானது. ஆவுடைத்தங்கம் எதைக் கேட்டாலும் வைகுண்டம், "வந்து சொல்லுதேன்," என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். திரும்பி வந்ததும் அவள் மறுபடி கேட்பதில்லை. அன்று காலையும் பால் வாங்கப் புறப்பட்டபோது அவள் ஏதோ கேட்டாள். அவர் அதையே சொல்லிவிட்டுத்தான் போனார். என்ன கேட்டாள் என்று நடந்துகொண்டே யோசித்துப் பார்த்தார். காதில் விழுந்த ஞாபகமே இல்லை.

அலுவலகத்தில் ஏற்கெனவே ஆறு பேர் நின்றார்கள். ஒருவருடைய கிணறு மாடிக்குப் போயிருந்தது. இன்னொருவர் தன் மாடு இருந்த கொட்டிலில் அரைக் கல்யாணம் ஒன்று நடந்துகொண்டிருப்பதாகச் சொன்னார். மாப்பிள்ளை இருக்கிறாராம், மேளம் இருக்கிறதாம், மற்ற எதுவும் இல்லையாம். செயல் அலுவலர் மைதீன் பிச்சை எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். பின் அறையிலிருந்து பாக்குவெட்டியால் விடாமல் பாக்கு நறுக்குவது போல 'டக், டக்' என்று சத்தம் வந்துகொண்டிருந்தது.

"சத்தம் கேட்டதுமே நான் ஆஃப் பண்ணி ஆன் பண்ணிட்டேன்," என்றார் மைதீன் பிச்சை.

"அப்புறம் சார்?"

"அப்புறம் போன செவ்வாய்க்கிழமையைக் காணோம்."

எட்டு மணிக்கு ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ தெருத் தெருவாகப் போனது. டிஸ்கில் பிழை இருப்பதால் மறு அறிவிப்பு வரும்வரை யாரும் புதிதாக எதையும் செய்ய வேண்டாம். ஏற்கெனவே செய்ததையே செய்யவும், ஏற்கெனவே பேசியதையே பேசவும் என்று அறிவித்தார்கள். இதனால் ஊசிக்குளத்தில் பெரும்பாலோருக்குச் சிரமம் எதுவும் ஏற்படவில்லை. டீக்கடையில் புதன்கிழமை பேசிய அரசியலை அதே இடத்தில் ஆரம்பித்து அதே இடத்தில் முடித்தார்கள். சலூனில் மட்டும் கத்தரியைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். மேலத்தெருவில் அன்று பிறக்கவிருந்த ஒரு குழந்தையிடம் விவரத்தைச் சொன்னார்கள்; அது பொறுத்துக்கொண்டது.

புகார் கொடுத்தவர்களுக்கு மட்டும் மஞ்சள் சீட்டு ஒன்று தந்தார்கள். அதை வைத்திருப்பவர் நாளொன்றுக்கு நாற்பது புதிய வாக்கியங்கள் பேசலாம். வைகுண்டம் எந்த நாளிலும் நாற்பது வாக்கியம் பேசியவரல்ல. சீட்டை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

பதினொரு மணி பஸ்ஸில் மாவட்டத் தலைநகரிலிருந்து கனகமணி வந்து இறங்கினாள். ஊர்களின் டிஸ்குகளைச் சரிபார்ப்பது அவள் உத்தியோகம். நாற்பது வயதிருக்கும். ஒரு தோளில் கருவிப்பை, இன்னொரு கையில் டிபன் கேரியர். வந்தவள் யாரோடும் பேசாமல் பின் அறைக்குப் போய், டிஸ்கின்மேல் காதை வைத்துக் கொஞ்ச நேரம் கேட்டாள். பிறகு நிமிர்ந்தாள்.

"யாரு ஆஃப் பண்ணி ஆன் பண்ணினது?"

மைதீன் பிச்சை மேசை விசிறியைப் பார்த்தார்.

"என்ன போச்சு?"

"செவ்வாய்க்கிழமை மேடம்."

"அதுல முக்கியமா ஏதும் இருந்துச்சா?"

"ஞாபகம் இல்ல மேடம்."

"எப்படி இருக்கும்," என்றாள் கனகமணி.

அவள் பையிலிருந்து ஒரு புது டிஸ்கை எடுத்து வயரால் பழையதோடு இணைத்தாள். முதலில் நகல், அப்புறம்தான் வைத்தியம் என்றாள். ஊரின் எல்லாவற்றையும் நகல் எடுக்க மூன்று மணி நேரம் ஆனது. அதுவரை யாரும் ரொம்ப அசைய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். பிறகு நகலை வைத்துக்கொண்டு சோதிக்க ஆரம்பித்தாள். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு பொருள் இருக்கிறதா, ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பெயர் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் சோதனை. வைகுண்டத்தைப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு உட்காரச் சொன்னாள்.

"பதினாலாம் நம்பர் வீடுங்கற பேரு இருக்கு அண்ணாச்சி. ஆனா அந்தப் பேரு உரக்கடையைக் காட்டுது. உரக்கடைங்கற பேரும் அதையேதான் காட்டுது. உங்க வீடு டிஸ்க்ல எங்கயோ பத்திரமா இருக்கு, அதைக் காட்டத்தான் பேரில்ல."

"வீட்டுக்காரி?"

"வீட்டுக்குள்ளயா இருந்தாங்க?"

"ஆமா."

"அப்ப அவங்களும் பேரில்லாமதான் இருப்பாங்க. பயப்படாதீங்க. பேரு போறது வேற, ஆளு போறது வேற."

வைகுண்டத்துக்கு இது கொஞ்சம் சங்கடமாக இருந்தது. முப்பத்தைந்து வருடமாகப் பேர் வெட்டுகிறவர் அவர். தன் வீட்டிலேயே பதினோரு பாத்திரங்களில் ஆவுடைத்தங்கம் என்று வெட்டிப் போட்டிருந்தார். அது போதும் என்று நினைத்திருந்தார்.

மைதீன் பிச்சை குறுக்கிட்டார். "மேடம், முழுசா ஸ்கேன் பண்ணித் தேடினா நாளைக்கு ஆயிரும். வீட்டுக்காரர்கிட்ட எப்படியும் அந்தம்மாவோட பேக்கப் ஒண்ணு இருக்கும்லா. அதை வச்சு ரீஸ்டோர் பண்ணிட்டா சாயங்காலம் சாப்பாட்டுக்கு ஆள் வந்துரும்."

அதற்கு ஒரு படிவம் இருந்தது. காணாமல் போனவரைப் பற்றித் தெரிந்ததையெல்லாம் எழுத வேண்டும். வைகுண்டம் குனிந்து எழுதினார். ஒல்லி. இடுப்பு வரை முடி. எலுமிச்சை ஊறுகாய் என்றால் உயிர். பல்லிக்குப் பயம். சிரித்தால் வாயைப் பொத்திக்கொள்வாள். பாதிப் பக்கத்துக்குமேல் ஓடவில்லை. கனகமணி அதை வாங்கிக் கருவிக்குள் விட்டு, திரையைப் பார்த்தாள்.

"இது எப்ப எடுத்தது அண்ணாச்சி?"

"எது?"

"இந்த பேக்கப். தேதி காட்டுது பாருங்க. கல்யாணமாகி ரெண்டாம் வருஷம் எடுத்திருக்கிய. அதுக்கப்புறம் எடுக்கவே இல்ல."

வைகுண்டம் திரையைப் பார்த்தார். தேதி சரியாகத்தான் இருந்தது.

"இதைப் போட்டா இந்தம்மாதான் வருவாங்க," என்றாள் கனகமணி. "இருபத்தஞ்சு வயசுல, பிழை ஒண்ணும் இல்லாம வருவாங்க. ஆனா அதுக்கப்புறம் எழுதின இருபத்தேழு வருஷமும் அழிஞ்சிரும்."

"இருபத்தஞ்சு வயசுல வந்தா நல்லதுதான அண்ணாச்சி," என்று மைதீன் பிச்சை பேனாவை நீட்டினார். வரிசையில் நின்ற இரண்டு பேர் தங்களுக்கும் அந்தப் படிவம் கிடைக்குமா என்று விசாரித்தார்கள்.

வைகுண்டம் பேனாவை வாங்கினார். கையெழுத்துப் போடுமிடத்தில் வைத்தும் விட்டார். அவர் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பழைய பாத்திரத்தில் இருக்கும் பேரைத் தேய்த்துவிட்டுப் புதுப்பேர் வெட்டச் சொல்லி யாராவது கொண்டுவந்தால், தேய்ப்பதற்கு முன்னால் பழைய பேரை ஒரு தடவை வாய்விட்டு வாசிப்பார். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. அவரும் யோசித்ததில்லை.

"வாசிக்காம அழிக்கக் கூடாது," என்றார். அன்றைக்கு அது அவருடைய இருபத்தோராவது வாக்கியம். பேனாவைத் திருப்பிக் கொடுத்தார்.

"அப்ப ஸ்கேன்தான்," என்று கனகமணி டிபன் கேரியரைத் திறந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு ஸ்கேன் முடிந்தது. பெயரில்லாமல் கிடைத்த முப்பத்தொன்றையும் சமுதாயக் கூடத்தில் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றிலும் எண் எழுதிய அட்டை கட்டியிருந்தது. ஒரு பஸ் நிறுத்தம், நான்கு ஆடுகள், அரைக் கல்யாணத்தின் மற்ற பாதி, யாரோ பாதி வாசித்து வைத்த கடிதம் ஒன்று. வைகுண்டத்தின் வீடு மேடையோரம் ஆறாம் எண் அட்டையோடு இருந்தது. அதை அவர் சமையலறை ஜன்னலில் குருவிக்குத் தண்ணீர் வைக்கும் மண் மடக்கைப் பார்த்து உடனே கண்டுகொண்டார். ஆட்கள் ஒன்பது பேர் பிளாஸ்டிக் நாற்காலிகளில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒன்பது பேருக்கும் ஒரே முகம்.

"முகம் பேரோட சேர்ந்தது," என்றாள் கனகமணி. "பேரு போனா அதுவும் போயிரும். குரலும் அப்படித்தான். உள்ள எழுதியிருக்கறது மட்டும்தான் இருக்கும். கேளுங்க, வாசிப்பாங்க."

வைகுண்டம் முதல் நாற்காலியிலிருந்து ஆரம்பித்தார். முதலாவது ஆள் பதினாறாம் வாய்ப்பாட்டை வாசித்தது. இரண்டாவது, தென்காசி பஸ் எந்தெந்த நேரத்துக்கு எங்கெங்கே நிற்கும் என்று சொல்லிக்கொண்டே போனது. இன்னும் இரண்டு பேரிடம் கேட்டதில் இருவரும் தங்கள் மீசையைப் பற்றிப் பேசினார்கள். அந்த நான்கு பேரையும் விட்டுவிட்டார். மிச்சம் ஐந்து பேர்.

"உங்க வீட்டுக்காரரைப் பத்திச் சொல்லுங்க."

"அவரு தங்கமான மனுசன்," என்று இரண்டு பேர் வாசித்தார்கள். அவர்களையும் விட்டுவிட்டார்.

"ஈரத் துண்டைக் கட்டில்மேல போடுவாரு," என்று மூன்று பேர் வாசித்தார்கள்.

வைகுண்டம் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். கூடத்தில் இருந்த ஆண்கள் சிலர் கூரையைப் பார்த்தார்கள்.

"ஏதாவது கேட்டா என்ன சொல்லுவாரு?"

ஒருத்தி, "அடிக்க வருவாரு, நான் முந்திக்கிடுவேன்," என்றாள். மற்ற இரண்டு பேரும், "வந்து சொல்லுதேம்பாரு," என்றார்கள்.

"வந்து சொல்லுவாரா?"

"சொல்லுவாரு," என்றாள் ஒருத்தி.

இன்னொருத்தி ஒன்றும் சொல்லவில்லை. அவள் அட்டையில் பதினேழு என்று எழுதியிருந்தது. வைகுண்டம் ஒரு நாற்காலியை இழுத்து அவளுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார்.

"மூணாம் வருஷத்துல இருந்து வாசி," என்றார்.

எண் பதினேழு வாசித்தாள். ஏற்ற இறக்கம் இல்லாமல், ரேஷன் கடையில் பேர் கூப்பிடுவது போல வாசித்தாள். ஊறுகாயை நிறுத்திப் பதினெட்டு வருடம் ஆகிறது. அல்சர் என்று டாக்டர் சொன்னார். முடியை இரண்டு தடவை வெட்டிக்கொண்டாள். இரண்டு தடவையும் வீட்டில் யாரும் எதுவும் கேட்கவில்லை. தையல் கிளாஸுக்குப் போய் ஆறு மாதத்தில் நிறுத்தினாள். அண்ணன் செத்ததற்கு அழுது முடிக்கவில்லை, இன்னும் கொஞ்சம் மீதி இருக்கிறது. பல்லிக்குப் பயம் போய் ரொம்ப நாளாகிறது.

"சமையக்கட்டுல ஒரு பல்லி இருக்கு. அதுக்கிட்டதான் எல்லாத்தையும் சொல்லுவேன்."

"அது என்ன சொல்லும்?"

"உச்சுக் கொட்டும்."

"அவ்வளவுதானா?"

"அது போதும். கேட்டுக்கிட்டுன்னு அர்த்தம்லா."

வைகுண்டம் நாற்காலியில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார். அவளுக்கு விசிலடிக்கத் தெரியும் என்பது அடுத்து வந்தது. அவர் கடைக்குப் போன பிறகு, பாத்திரம் விளக்கும்போது மட்டும் அடிப்பாள். இப்படியே இருபத்தேழு வருடமும் ஒன்றரை மணி நேரத்தில் வாசித்து முடித்து, வியாழக்கிழமைக்கு வந்தாள்.

"காலையில அவருகிட்ட ஒண்ணு கேட்டேன்."

அதோடு நின்றுவிட்டாள். வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை. பின் அறையில் நேற்று கேட்ட 'டக், டக்' இப்போது அவளிடமிருந்தே வந்தது.

கனகமணி விரைந்து வந்து தன் கருவியைப் பார்த்தாள். நீண்ட நேரம் பார்த்தாள்.

"இங்கனதான் இருக்கு," என்றாள். "ஊர்ல விழுந்த எல்லாப் பிழையும் இந்த எடத்துல இருந்துதான் ஆரம்பிச்சிருக்கு. கேள்வியை எழுதியாச்சு. பதிலை எழுத எடம் விட்டிருக்கு. பதில் வரல. எழுதுற முள்ளு அங்கயே நின்னு தட்டித் தட்டி, அந்த எடம் கெட்டுப்போச்சு."

கிணறு மாடிக்குப் போனவர் திரும்பி வைகுண்டத்தைப் பார்த்தார். மற்ற ஐந்து பேரும் பார்த்தார்கள். வைகுண்டம் வேட்டி நுனியைப் பார்த்தார்.

"இத்தனை வருஷமும் பதில் வரலையே மேடம்," என்று கேட்டார் மைதீன் பிச்சை. "அப்பல்லாம் கெடலையே?"

"அப்பல்லாம் அந்தம்மா கேள்வியை எழுதிட்டு அழிச்சிருவாங்க. இந்தத் தடவை அழிக்கல."

கனகமணி அந்த இடத்தை மறுபடி மறுபடி வாசிக்கவைத்தாள். நாற்பது தடவை வாசித்ததில் முன்னும் பின்னுமாகக் கொஞ்சம் கிடைத்தது. 'நாம ஒரு' என்பது ஆரம்பம். 'போடலாமா' என்பது முடிவு. நடுவில் ஒரு சொல் மட்டும் வரவே இல்லை.

"நடுவுல இருக்கறதை நீங்கதான் சொல்லணும் அண்ணாச்சி. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் என்ன எடைன்னு டிஸ்க் ஓரத்துல குறிச்சிருக்கும். சரியான வார்த்தையைச் சொன்னா எடை நேராயிரும்."

"நாம ஒரு பந்தல் போடலாமா?" என்றார் வைகுண்டம்.

"எடை கூடுது."

"நாம ஒரு டீ போடலாமா?"

"காணாது."

ஊரார் உதவிக்கு வந்தார்கள். கோலம் என்றார் ஒருவர். மொட்டை என்றார் இன்னொருவர். பூட்டு, மனு, கையெழுத்து, ஊஞ்சல், சாம்பிராணி என்று நாலா பக்கமும் சத்தம். கேஸ் போடலாமா என்று கேட்டிருக்கலாம் என்றார் மைதீன் பிச்சை. இரண்டு இடத்திலும் நின்றுகொண்டிருந்த சேர்மக்கனி, அதில் ஒருவனாக இங்கே வந்து, உரம் போடலாமா என்று கேட்டிருப்பார் என்றான். தமிழில் எதைத்தான் போட முடியாது என்று கனகமணி அலுத்துக்கொண்டாள். வைகுண்டம் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தார். ஒன்றும் நேராகவில்லை.

"அண்ணாச்சி, முப்பத்தேழு ஆச்சு," என்று மைதீன் பிச்சை மஞ்சள் சீட்டை ஞாபகப்படுத்தினார். "இன்னும் மூணுதான் பாக்கி. பாத்துப் பேசுங்க."

வைகுண்டம் வாயை மூடிக்கொண்டார். கூடமும் மூடிக்கொண்டது. எதிரே எண் பதினேழு ஒரு முகமும் இல்லாத முகத்தோடு உட்கார்ந்திருந்தாள். அவள் என்ன கேட்டிருப்பாள் என்று யோசிப்பதை விட்டுவிட்டு, எப்படி நின்றாள் என்று யோசித்தார். அது கொஞ்சம் வந்தது. கூந்தலை அள்ளி முடிந்திருந்தாள். சேலையை இழுத்து இடுப்பில் செருகியிருந்தாள். முன் அறையில் இரண்டு நாற்காலிகளை எதிரும் புதிருமாகப் போட்டிருந்தாள். செருப்பை எடுக்க அதில் ஒன்றைச் சுற்றிக்கொண்டுதான் அவர் போனார். அவள் குரலில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. சினிமாவுக்குப் போகலாமா என்று கேட்பவள் போல ஆசையாகக் கேட்டாள்.

வைகுண்டம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நாம ஒரு சண்டை போடலாமா?" என்றார்.

'டக், டக்' நின்றது.

"எடை சரி," என்றாள் கனகமணி.

"ஆமா," என்றாள் எண் பதினேழு. "அதைத்தான் கேட்டேன்."

"அண்ணாச்சி, பதில்," என்று கனகமணி மெதுவாகச் சொன்னாள். "எடம் காலியாவே இருக்கு."

"போடலாம்," என்றார் வைகுண்டம்.

முதலில் மூக்குத்தி வந்தது. அதைச் சுற்றி மூக்கு வந்தது. பிறகு நெற்றி, கண்கள், இடது கன்னத்தில் அம்மைத் தழும்பு என்று ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தன. காதோரம் நரைத்திருந்தது. முடி தோள்வரைதான் இருந்தது. ஐம்பத்திரண்டு வயதான, நல்ல பூசினாற் போன்ற ஒரு பெண் எதிரே இருந்தாள். வைகுண்டம் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பார்த்து நாளாகியிருந்தது.

"கண்ணாடி எப்பப் போட்டே?" என்றார். அது நாற்பதாவது.

"நாலு வருஷமாச்சு," என்றாள் ஆவுடைத்தங்கம்.

கனகமணி மணி பார்த்தாள். சரிசெய்த டிஸ்கில் புதிதாக ஏதாவது எழுதிப் பார்த்து, தடங்கல் இல்லாமல் ஏறுகிறது என்று உறுதிசெய்த பிறகுதான் ஊரைத் திறந்துவிட முடியும் என்றாள். ஆகவே சண்டையை இங்கேயே போட்டுவிட்டால் சோதனையும் முடிந்துவிடும். சோதனைக்கு வாக்கிய வரம்பு கிடையாது என்று மைதீன் பிச்சை சீட்டில் எழுதிக் கையெழுத்திட்டார்.

இரண்டு பேரும் நாற்காலிகளை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். ஆவுடைத்தங்கம் தொண்டையைச் செருமினாள். ஈரத் துண்டில் ஆரம்பித்தாள். அங்கிருந்து அவருடைய அக்காவுக்குப் போனாள். அக்கா வீட்டுக் கல்யாணத்தில் பந்தியில் தன்னைக் கடைசியில் உட்காரவைத்ததைச் சொன்னாள். வைகுண்டத்துக்குப் பழக்கமில்லாததால் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இப்ப நீங்க கோவப்படணும்," என்றாள்.

"எதுக்கு?"

"உங்க அக்காவைச் சொன்னேன்லா."

"அவ அப்படித்தான்."

"அப்படிச் சொல்லக் கூடாது. 'எங்க அக்காவைச் சொல்ல உனக்கு என்ன தகுதி'ன்னு எந்திரிக்கணும்."

வைகுண்டம் எழுந்து நின்று அதைச் சொன்னார். முதல் தடவை மனு வாசிப்பது போல இருந்தது. இரண்டாம் தடவை பரவாயில்லை. அரை மணி நேரத்தில் பிடிபட்டுவிட்டது. அவள் சொல்லித் தராமலே மைத்துனர் ஒருவரை இழுத்தார். அவள் சந்தோஷமாக நாற்காலிக் கையைத் தட்டினாள். முடி வெட்டியதைக் கேட்காததற்கு ஒரு சுற்று, தையல் கிளாஸுக்கு ஒரு சுற்று போனது. அண்ணனுக்காக மீதி வைத்திருந்த அழுகையை நடுவில் அழுது முடித்தாள். அந்த நேரத்தில் வைகுண்டம் எழுந்துபோகவில்லை. செருப்பு எங்கே கிடக்கிறது என்று கண் மட்டும் ஒரு தடவை போய்த் திரும்பியது. கனகமணியின் திரையில் எல்லாம் சீராக ஏறிக்கொண்டிருந்தது.

இரண்டாம் மணி நேரத்தில் அவர் ஒன்று சொன்னார்.

"நீ விசிலடிக்கறது எனக்குத் தெரியும். ஒரு நாள் உளியை மறந்து வச்சிட்டு எடுக்க வந்தேன். சத்தம் கேட்டுச்சு. நீ முடிக்கற வரைக்கும் தெருவுலயே நின்னேன்."

ஆவுடைத்தங்கம் கண்ணாடியைக் கழற்றினாள்.

"கேட்டியளா?"

"முழுசும் கேட்டேன்."

"நல்லா இருந்துச்சா?"

"நல்லாத்தான் இருந்துச்சு."

"எத்தனை வருஷமாச்சு?"

"ஏழெட்டு இருக்கும்."

"ஏழெட்டு வருஷமா நல்லா இருந்துச்சுங்கறதை உள்ள வச்சுக்கிட்டா எங்கூட இருந்திய?" என்று அவள் எழுந்தாள். அதுவரை போட்டதெல்லாம் ஒன்றுமில்லை என்று சொல்லும்படியான சண்டை அதற்குப் பிறகுதான் நடந்தது. ஆடுகள் நான்கும் அசை போடுவதை நிறுத்திவிட்டன. வைகுண்டம் ஒரு கட்டத்தில் கத்தினார். தன் குரல் அவ்வளவு தூரம் போகும் என்று அவருக்கே தெரிந்திருக்கவில்லை. எல்லாம் சேர்த்து இரண்டு மணி பத்து நிமிடம். முடிந்ததும் இரண்டு பேருக்கும் நல்ல பசி.

"ஒரு தடங்கல்கூட இல்ல," என்று கனகமணி கருவியை மூடினாள்.

பிறகு எல்லாம் அதனதன் இடத்துக்குப் போயின. கிணறு கீழே இறங்கியது. கல்யாணத்தின் இரண்டு பாதிகளும் சேர்ந்தன. மேளக்காரர் மறுபடியும் முதலிலிருந்து வாசித்தார். சேர்மக்கனி ஒருவனானான். இரண்டு பேராக இருந்தபோது கை ஓயவே இல்லை என்றாலும், ஒருவனாக இருப்பது கொஞ்சம் வெறிச்சென்று இருப்பதாகச் சொன்னான். மேலத்தெருக் குழந்தைக்குச் சொல்லி அனுப்பினார்கள். ஐந்து நிமிடத்தில் பிறந்தது. செவ்வாய்க்கிழமையில் பிற்பகல் மட்டும் கிடைத்தது. அதைத் தேவைப்பட்டவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

கெட்டுப்போன இடத்தை மட்டும் ஒன்றும் செய்ய முடியாது என்று கனகமணி சொன்னாள். வைகுண்டத்தின் வீட்டுக்கு வந்து, முன் அறையில் செருப்பு விடும் மூலையில் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டாள். அதற்குள் எதையும் வைக்கக் கூடாது, நிற்கவும் கூடாது. ஆவுடைத்தங்கம் செருப்புகளை எடுத்துப் பின்பக்கம் போட்டுவிட்டு, அவளுக்குத் தோசை வார்த்துக் கொடுத்தாள். கனகமணி நான்கு சாப்பிட்டாள். நகல் எடுத்த டிஸ்கைச் செய்தித்தாளில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு மாலை ஐந்து மணி பஸ்ஸில் போனாள்.

சனிக்கிழமை காலை வைகுண்டம் கடையைத் திறந்தபோது வாசலில் வரிசை நின்றது. பேர் போய்விடும் என்ற பயம் ஊரில் பரவியிருந்தது. முதல் ஆள் தன் வாட்ச்சில் பேர் வெட்டச் சொன்னார். இரண்டாவது ஆள் மண்வெட்டி கொண்டுவந்திருந்தார். மூன்றாவதாகக் குளம் நின்றது. நனைந்த கரையை ஒரு பக்கமாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, முறை வரும்வரை பொறுமையாக நின்றது. முறை வந்ததும் படியேறி வந்து, எவர்சில்வர் குடம் ஒன்றை மேசைமேல் வைத்தது.

"என்ன பேரு வெட்டணும்?" என்றார் வைகுண்டம்.

"ஊசிக்குளம்."

"இனிஷியல்?"

குளம் கொஞ்சம் யோசித்தது.

"தா போடுங்க. தாமிரபரணி."

வைகுண்டம் குடத்தை மடியில் சாய்த்துக்கொண்டு, கழுத்தோரமாகப் பென்சிலால் ஒரு கோடு இழுத்தார். உளியை எடுத்து 'தா' வெட்டினார். புள்ளி வைத்தார். குளத்திலிருந்து தண்ணீர் படியில் வழியவே, நான்காவதாக நின்றவர் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார்.